பனிக்குப் பூக்கேட்டது

தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் நகுந்து உக்காருங்க. ம், போதும் போதும். நான் சூலூர் வரைக்குந்தான். நீங்க சிங்காநல்லூருங்களா? சரி, நல்லதாப் போச்சு.

கோவிச்சுக்காதீங்க, காங்கயத்துல பஸ் ஏறுனதுல இருந்து நின்னுக்கிட்டே உங்க போனைத்தான் பாத்துட்டு வாரேன். அடுத்தவங்க போனை எட்டிப் பாக்கறது தப்புதானுங்க. ஆனா பனியாத் தெரிஞ்சுதுங்களா, கண்ணு தன்னால அங்க போயிருச்சு. இப்ப வெச்சிருக்கறது குல்மார்க். பின்னால கம்பியில கூண்டாட்டம் கொண்டோலா கேபின் தொங்குதே, அதை வெச்சே சொல்லிருவேன். முந்தி ஒரு போட்டோவைத் தள்ளி விட்டீங்களே, தேவதாரு மரத்துக்கு நடுவால கம்பியில சேர் தொங்கிட்டுப் போகுமே, அது அவுலி. சரிதானுங்களே? சம்சாரத்தோட ரெண்டுல எதுக்குப் போறதுன்னு ரோசனையா? அட, எங்கிட்டக் கேளுங்க. இந்த ரெண்டு ஊரைப் பத்தி எனக்கு மேல தெரிஞ்சவன் இந்த ஜில்லாவுல எவனும் இல்லை.

குல்மார்க்னா ஸ்ரீநகர் வரைக்கும் பிளேன்ல போயிறலாம். அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். கொண்டோலா ரெண்டு கட்டமா ஏறும், ரெண்டாவது கட்டம் பதிமூவாயிரம் அடி. புதுசாப் பழகறவனுக்கு அந்த உச்சியில வேலையில்லை, கீழ இருக்கற மைதானத்துலதான் பழகோணும். அவுலின்னா டேராடூன் வரைக்கும் பிளேன், அப்புறம் மலை ரோட்டுல பத்து மணி நேரம். வாந்தி வந்துரும். ஆனா சரிவு வாட்டமா இருக்கும், பழகறவனுக்கு நல்ல எடம். எதுத்தாப்புல நந்தாதேவி மலை. பனி ரெண்டு எடத்துலயும் தை மாசம் நல்லா விழுகும். பனியில வழுக்கறதுக்குக் காலுல மாட்டற ஸ்கீ கட்டைய வாடகைக்குத் தருவாங்க, பூட்ஸ் மட்டும் காலுக்குச் சரியாப் பாத்து வாங்கோணும்.

போயிருக்கீங்களான்னு கேக்கறீங்களா? இல்லைங்க. போகலை.

சொல்றேன். சூலூர் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சர்றேன்.

எம்பேரு நாச்சிமுத்து. தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவன். முப்பத்திரண்டு வருஷம் சங்கிலியப் புடிச்சு நெலம் அளந்தவனுங்க. ரெண்டு பங்காளி வரப்புத் தகராறுன்னு வந்தா, ரெண்டு பேரையும் கேப்பேன், பழைய வரைபடம் பாப்பேன், இந்தப் பக்கம் இருந்து அளப்பேன், அந்தப் பக்கம் இருந்தும் அளப்பேன், அதுக்குப் பொறகுதான் கல்லு நடுவேன். ஒரு கல்லு நட நாலு வருஷம் இழுத்திருக்கறேன். அதுக்குள்ள அந்தப் பங்காளி ரெண்டு பேரும் செத்தே போனாங்க, அது வேற விசயம். ஆனா நான் நட்ட கல்லை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் புடுங்குனதில்லை.

எனக்கு ஒரே மக. தாரணி. படிச்சு முடிச்சு டெல்லிக்கு வேலைக்குப் போனா. போன எடத்துல ஒரு பையனைப் பாத்துக்கிட்டா. தேவேந்தர்னு பேரு. அந்த அவுலி மலைக்குக் கீழதான் அவனுக்கு ஊரு. நான் சாதியெல்லாம் பாக்கறவன் இல்லீங்க தம்பி. ஆபீஸ்ல எல்லாரோடயும் உக்காந்து டீ குடிச்சவன். ஆனா ஒரு மொறை வேண்டாமுங்களா? நம்ம கூட்டம் என்ன, கொலதெய்வம் என்ன, சீரு செனத்தி என்னன்னு ஒண்ணுந் தெரியாத எடத்துல எப்படிப் பொண்ணைக் குடுக்கறது? மாட்டேன்னேன். அவ ரிஜிஸ்தர் பண்ணிக்கிட்டு வந்து வாசல்ல நின்னா. "இந்தப் படி தாண்டிப் போனீன்னா திரும்பி வராதே"ன்னேன். கோவத்துல எந்த அப்பனும் சொல்றதுதானுங்க. அவ அதைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டா. ஆறு வருஷம் வரலை.

எம்பட சம்சாரம் துளசிமணி மட்டும் போன்ல பேசுவா. நான் பேச மாட்டேன். ஆனா அவ பேசறப்ப பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். "சளிக்கு வெந்நி குடிக்கச் சொல்லு அவளை"ம்பேன். "கேக்குதுன்னு சொல்லும்மா"ன்னு அந்தப் பக்கம் இருந்து மக சொல்லுவா. "கேக்குதாமுங்க"ன்னு துளசிமணி எங்கிட்டச் சொல்லுவா. ஸ்பீக்கர்ல போட்டிருக்குது, எனக்கும்தான் கேக்குது. இருந்தாலும் ஒரு இது வேணுமில்லைங்களா. பேத்தி பொறந்தா. ஜானவின்னு பேரு வெச்சாங்க. போன வருஷம் நாலு வயசு. நான் தூக்குனதில்லை. என்னால துளசிமணியும் தூக்குனதில்லை.

போன வருஷம், இதே ஐப்பசியில, துளசிமணி போனைத் தூக்கிட்டுத் தோட்டத்துக்கு ஓடி வந்தா. மக எழுதியிருக்கறா, எனக்கு எழுதியிருக்கறா. ரெண்டு போட்டோ, கீழ நாலு வரி. "அப்பா, நீங்க எங்க வீட்டுக்கு வர வேண்டாம். நாங்களும் அங்க வரலை. பொதுவா ஒரு எடத்துல பாக்கலாம். தை மாசம் ஒரு வாரம் லீவு போட்டிருக்கோம், ஜானவிக்கு ஸ்கீ பழக்கப் போறோம். குல்மார்க்னா நாம மட்டும். அவுலின்னா இவரோட அம்மாவும் வருவாங்க, போற வழியில அவங்க வீட்டுல ஒரு நேரம் சாப்பிட்டுட்டுப் போகலாம். எதுன்னு நீங்க சொல்லுங்கப்பா. நீங்க சொல்றதுதான்."

நீங்க சொல்றதுதான்னு எழுதியிருந்தா தம்பி. துளசிமணி அழுதுட்டே படிச்சா. நான் மொகத்தைக் காட்டாம வேலிப் பக்கம் திரும்பிக்கிட்டேன். "சொல்லுங்க, எதுன்னு சொல்லுங்க, இப்பவே போட்டு விட்டர்றேன்"னு நிக்கறா. "இரு, விசாரிச்சுத்தான் சொல்லோணும்"ன்னேன்.

அது தப்பாங்க? ரெண்டு எடத்தைக் காட்டி எதுன்னு கேட்டா, விசாரிக்காமச் சொல்றதா? நோட்டுப் போட்டேன். இடது பக்கம் குல்மார்க், வலது பக்கம் அவுலி. உயரம் எவ்வளவு, குளிரு எவ்வளவு, ஆஸ்பத்திரி எத்தனை தூரம், ரசஞ்சோறு கிடைக்குமா, எல்லாம் எழுதுனேன். வீடியோவாப் பாத்தேன். பழகறவங்க ரெண்டு கட்டையவும் முன்னால ஒட்டி, பின்னால அகட்டி வெப்பாங்க, அப்பத்தான் வேகம் அடங்கும். ஒரு நாளு மொட்டை மாடியில யாரும் இல்லைன்னு நான் அப்படி முட்டிய மடக்கி நின்னு பாத்துட்டிருந்தேன். துளசிமணி துணி எடுக்க வந்தவ பாத்துட்டா. முந்தானையில வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. "முதுகு புடிச்சிருக்குது"ன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அந்தப் பேத்திப்புள்ள ஒரு நாளு போன்ல வந்து, "தாத்தா, நீ விழுந்தா நான் தூக்கி விடறேன்"னுச்சு. தமிழ்லதானுங்க, மக சொல்லிக் குடுத்திருக்கறா. "சரின்னு சொல்லு"ன்னு துளசிமணிகிட்டச் சொன்னேன். அவ என்னை ஒரு மொறை மொறைச்சா. "அது உங்ககிட்டத்தானே பேசுது"ன்னா.

ரூம் போடறதுக்குக் கார்த்திகைக்குள்ள சொல்லோணும்னு மக கேட்டிருந்தா. "பத்து நாள் தவணை கேளு"ன்னேன். குடுத்தா. மறுபடி பத்து நாள் கேட்டேன். அதையும் குடுத்தா. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை.

துளசிமணிக்கு அவுலிதான். சம்பந்தியம்மாளுக்குக் குடுக்கறதுக்குன்னு ஒரு பட்டுச் சேலைய ஆறு வருஷமா பீரோவுல வெச்சிருந்தா. எனக்கு அது ஒத்து வரலைங்க. பொண்ணைப் பெத்தவன் சம்பந்தி வீட்டுக்குச் சும்மா போய் நிக்க முடியுமுங்களா? அவிய மொறையா வந்து, வெத்தலை பாக்கு வெச்சு, வாங்கன்னு கூப்பிடோணும். அதைச் சொன்னேன். இவ அதை மகளுக்குச் சொல்லியிருக்கறா. மறுநாளே அந்தம்மா போன் பண்ணிருச்சு. இந்தியில என்னமோ பேசுச்சு, சிரிச்சுது, நடுவுல இருமுச்சு. பின்னாடி இருந்து தாரணி, "உங்களையும் அம்மாவையும் வாங்கன்னு கூப்பிடறாங்கப்பா"ன்னா. போன்ல கூப்பிட்டா அது கூப்பிட்டதாங்க?

"ரெண்டாயிரத்தி எண்ணூறு கிலோமீட்டர் வந்து அந்தம்மா வெத்தலை பாக்கு வெக்கோணுமா?"ன்னு துளசிமணி கேட்டா. தூரத்தைப் பாத்துட்டா மொறை செய்யறது? நீங்களே சொல்லுங்க.

"அப்பச் சரி, குல்மார்க்னு சொல்லிர்றேன்"னா. அதுலயும் ஒரு சிக்கல். அங்க ரூம் போடறது மாப்பிள்ளை. பாருங்க, மாப்பிள்ளைன்னு வாயில வந்துருச்சு. அந்தப் பையன் போட்டுக் குடுத்த ரூம்ல நான் போய் எப்படிங்க காலை நீட்டிப் படுக்கறது? ரெண்டு எடத்துலயும் ஒரு கொறை இருந்துச்சுங்க. நான் என்ன பண்ணட்டும்?

"உங்களுக்குப் போக மனசிருக்குதா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க"ன்னு ஒரு நாளு கேட்டுட்டா. இருந்துச்சுங்க தம்பி. சத்தியமா இருந்துச்சு. அந்தக் கொழந்தைய ஒரே ஒரு தடவை தூக்கோணும்னு நெனைக்காத நாளில்லை. ஆனா மனசிருக்குதுன்னு வாய்விட்டு எப்படிச் சொல்றது? நானா எறங்கி வந்த மாதிரி ஆயிறாதுங்களா?

அதான் சாமி மேல பாரத்தைப் போட்டேன். பூக்கேட்டர்லாம்னு. உங்க பக்கம் உண்டுங்களா? வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், ரெண்டையும் ஒரே மாதிரி இலையில மடிச்சு நாருல கட்டிச் சாமி முன்னால வெக்கறது. ஒரு கொழந்தை வந்து ஒண்ணை எடுக்கும். எந்தப் பூ வருதோ அதுதான் சாமி சொன்ன வாக்கு. பொண்ணெடுக்கறது, கெணறு வெட்டறது எல்லாம் எங்காளுங்க அப்படித்தான் கேப்பாங்க. பனியில வழுக்கறதுக்குப் பூக்கேட்டவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். வெள்ளைன்னா அவுலி, செவப்புன்னா குல்மார்க். சாமி சொல்லி நான் போனா, அது நான் எறங்கி வந்ததா ஆகாதில்லைங்களா.

மார்கழியில ஒரு வெள்ளிக்கிழமை, இப்பக் காங்கயத்துல கும்பிட்டுட்டு வாரேனே, இதே கொலதெய்வம் கோயிலுக்குத்தான் வந்தோம். பொட்டலம் கட்டுனது துளசிமணி. அப்ப எங்கூட்டு வேலியில ரெண்டு அரளியும் இருந்துச்சு, அவ நட்டு வளத்துனது. இப்பச் செவ்வரளி கரையான் ஏறிப் பட்டுப் போச்சு, வெள்ளை மட்டும் நிக்குது. கும்பிட வந்த ஒரு பாப்பா பொட்டலத்தை எடுத்துக் குடுத்துச்சு. பூசாரி பிரிச்சாரு. வெள்ளை.

அவ மொகத்தை நீங்க பாத்திருக்கோணும். அப்படி ஒரு சந்தோசம். மகளுக்குச் சொல்றதுக்குப் போனை எடுத்துட்டா. நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் உள்ளுக்குள்ள அப்பாடான்னுதான் இருந்துச்சு. ஆனா முப்பத்திரண்டு வருஷப் பழக்கமுங்க. ஒரு பக்கம் அளந்தா மறுபக்கமும் அளந்து பாக்காம விட மாட்டேன். தட்டுல கெடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரிச்சேன்.

அதுலயும் வெள்ளை.

கோயில்னுகூடப் பாக்கலை, கத்திட்டேன். "சாமிகிட்டயே பித்தலாட்டமா?"ன்னு. ஜனமெல்லாம் திரும்பிப் பாக்குது. அவ தலை குனியலைங்க. "சாமி எந்தப் பூவைக் குடுத்திருந்தாலும் நீங்க ஒரு கொறை சொல்லிருப்பீங்க. அதான் சாமிக்கு நான் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுனேன்"னா. எவ்வளவு எகத்தாளம் பாருங்க! "இந்தப் பூவு செல்லாது. ரெண்டு எடமும் கெடையாது. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு அவகிட்டச் சொல்லிரு"ன்னேன்.

"நீங்க அடுத்த வருஷம் பாத்துக்குங்க. நான் போறேன்"னா.

முப்பத்தஞ்சு வருஷம் என்னைக் கேக்காமக் கோயமுத்தூருக்குக்கூடப் போகாதவ தம்பி. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு. "படி தாண்டுனீன்னா திரும்பி வராதே"ன்னேன். மகளுக்குச் சொன்ன அதே வார்த்தைதான். எனக்கு வேற வார்த்தை வாயில வரலைங்க. அவ போனை மடியில சொருகிக்கிட்டா. "சரிங்க"ன்னா. அவ்வளவுதான்.

ரெண்டு நாள் கழிச்சு நான் பேங்குக்குப் போயிட்டு வந்து பாத்தா ஆளில்லை. இந்தி ஒரு எழுத்துத் தெரியாது, தனியா டெல்லி ரயிலேறிப் போயிட்டா. அடுப்பு மேல எனக்கு ரசம் வெச்சு மூடியிருந்துச்சு. பீரோவுல பட்டுச் சேலை இல்லை. எம்பட ஸ்வெட்டரும் இல்லை. ஊட்டியில சர்வே கேம்ப் போட்டப்ப வாங்குனது, மெரூன் கலரு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லைங்களா? மத்ததை எல்லாம்கூட விடுங்க, அந்த ஸ்வெட்டரைக் கேக்காம எடுத்துட்டுப் போனதைத்தான் என்னால தாங்கவே முடியலை. கேட்டிருந்தா குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?

பொங்கல் கழிஞ்சு ஒரு போட்டோ வந்துச்சு. எனக்கு அனுப்பலைங்க, மக வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல வெச்சிருந்தா. புடிச்சு வெச்சுக்கிட்டேன். இருங்க காட்டறேன். பாருங்க, இதான் எங்கூட்டம்மா. சேலைக்கு மேல எம்பட ஸ்வெட்டரு, தலையில குல்லா, காலுல ஸ்கீ கட்டை. காலைக் கட்டிக்கிட்டு நிக்குதே இந்தப் பொடுசு, இதான் ஜானவி. இவ சிரிக்கறதைப் பாருங்க. முப்பத்தஞ்சு வருஷத்துல இப்படி வாயைப் பொத்தாமச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை.

இது எந்த எடமுங்க தம்பி? குல்மார்க்கா, அவுலியா? கேபினும் தெரியலை, சேரும் தெரியலை. வெறும் பனி. ஓரத்துல ஒரு மலை முக்கு மட்டும் இருக்குது, இங்க பாருங்க, பெருசு பண்ணிப் பாருங்க. நோட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு மூணு மாசம் பாத்தேன். ஒரு நாளைக்கு அவுலின்னு தோணுது, மறுநாள் குல்மார்க்னு தோணுது. ரெண்டு ஊரும் எனக்கு மனப்பாடம். எம்பொண்டாட்டி எங்க நிக்கறான்னு என்னால சொல்ல முடியலைங்க.

தெரியலையா? சரி, விடுங்க.

பத்து மாசம் ஆச்சு. அவ திரும்பி வரலை. வராதேன்னு சொன்னேன், வரலை. ஸ்டேட்டஸும் இப்பத் தெரியறதில்லை. போன் அடிச்சா தாயும் மகளும் ரெண்டு பேருமே எடுக்கறதில்லை. நேராப் போயிற வேண்டியதுதானேன்னு நெனைக்கறீங்க, எனக்குத் தெரியுது, எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. கூப்பிடாம எப்படிங்க போறது? எனக்கு வழி தெரியும், வண்டி நேரம் தெரியும், எங்க எறங்கோணும்னு தெரியும். கூப்பிட ஆளில்லை. இனிக் கூப்பிடவும் மாட்டாங்க, அதுவும் தெரியும். காலையில எந்திரிச்சு ஒரு ஆளுக்கு அரிசி போட்டுட்டு அடுப்பு முன்னால நிக்கறப்ப, இதெல்லாம் எதுக்கு, யாருக்குன்னு இருக்குதுங்க தம்பி. ரொம்பக் கஷ்டமா இருக்குது.

காரணம்பேட்டை வந்துருச்சா? அப்ப நேரமில்லை. ஒரு ஒத்தாசை பண்ணுங்க.

இந்தாங்க, ரெண்டு பொட்டலம். ஒண்ணு எடுங்க. கோயில்ல வெச்சுக் கும்பிட்டுட்டுத்தான் வாரேன். துளசிமணிக்குப் போன் பண்ணலாமா வேண்டாமான்னு கேக்கறேன், வேற ஒண்ணுமில்லை. வெள்ளைன்னா பண்ணலாம், செவப்புன்னா வேண்டாம். மாசாமாசம் ஒரே விசயத்தைக் கேட்டுச் சாமியச் சோதிக்கக் கூடாதுன்னு பூசாரி சொல்லிட்டாரு, கொழந்தைகளையும் எங்கிட்ட விடறதில்லை. அதனால பஸ்ல நல்ல மொகமாப் பாத்துக் கேப்பேன். போன மாசம் ஒரு நர்ஸம்மா எடுத்தாங்க, வெள்ளை. அதுக்கு முந்துன மாசம் ஒரு காலேஜுப் பொண்ணு, வெள்ளை. ரோசிக்காதீங்க, கைக்கு வந்ததை எடுங்க.

பிரிங்க.

பாத்தீங்களா, வெள்ளை! இன்னைக்குச் செவப்பு வந்துருமோன்னு பயந்துட்டே இருந்தேன். சாமி சொல்லித்தான் பண்றேன், நானாப் பண்ணலை. இருங்க, அடிக்கறேன்.

மணி போகுதுங்க.

போகுது.

கட்டாயிருச்சு. எடுக்க மாட்டாங்க. எப்பவும் இப்படித்தான். சரி, அடுத்த மாசம் கேட்டுக்கலாம்.

சூலூர் வந்துருச்சு. கண்டக்டர், ஆளெறங்கோணும், கொஞ்சம் நிறுத்துங்க! தம்பி, நீங்க குல்மார்க்குக்கே போங்க. அவுலிக்கு ரோடு பத்து மணி நேரம், உங்க சம்சாரத்துக்குத் தலை சுத்தும்.

ஐயோ, அதைப் பிரிக்காதீங்க! அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது, இங்க குடுங்க. ஒண்ணுல வெள்ளை வந்துருச்சுன்னா அதோட விட்டர்றோணும் தம்பி. அன்னைக்கு எனக்கு அது தெரியாமப் போச்சு.